பழைய டிரான்சீவரில் மீடிறன் நழுவுகிறதா? திருத்துவதா, டிஜிட்டலுக்கு மாறுவதா, புதுசு எடுப்பதா?

உப்புவெளியில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்விக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டு இந்தக் கட்டுரையாகிவிட்டது. அவரிடம் இருப்பது 1970களின் கடைசியில் ஜப்பானில் செய்த ஒரு டிரான்சீவர், அதாவது அமெச்சூர் வானொலியில் அனுப்பவும் கேட்கவும் பாவிக்கும் பெட்டி. அனுப்பும் பக்கத்தின் கடைசி இரண்டு கட்டங்களில் மட்டும் வால்வு, மற்ற இடமெல்லாம் டிரான்சிஸ்டர். மாமா பாவித்த பெட்டி. 40 மீற்றர் பாண்டில் (7 மெகாஹேர்ட்ஸ்) பின்னேரம் கதைக்கத் தொடங்கினால், கொஞ்ச நேரத்திலேயே எதிர்ப்பக்கம் இருப்பவர்கள் "குரல் மாறுது, கொஞ்சம் மேல வாங்கோ" என்று சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். "அண்ணை, இதைத் திருத்திப் பாக்கட்டா, டிஜிட்டல் வி.எஃப்.ஓ. ஒண்டு போடட்டா, இல்லாட்டி வித்துப்போட்டுப் புதுசு எடுக்கட்டா?" என்று கேட்டார். வி.எஃப்.ஓ. என்பது டயலைத் திருப்பும்போது மீடிறனை மாற்றித்தரும் ஓசிலேட்டர்.

கடைக்காரரைக் கேட்டால் புதுசு என்பார். இணையத்தில் தேடினால் டிஜிட்டல் வி.எஃப்.ஓ. என்று வரும். பழைய ஆட்கள் "சூடேற விடு, சரியாகும்" என்பார்கள். மூன்றுமே சில இடங்களில் சரியான பதில்தான். ஆனால் எது உங்களுக்குப் பொருந்தும் என்பதைப் பெட்டியின் வயது சொல்லாது. மீடிறன் எந்த விதமாக நழுவுகிறது, அந்தப் பெட்டியை வைத்து நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள், இந்த இரண்டும்தான் சொல்லும். இவற்றைப் பார்க்காமல் காசு செலவழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் நழுவலைப் பாருங்கள்

நழுவல் என்று எல்லோரும் ஒரே சொல்லில் சொன்னாலும், உள்ளே நடப்பது நாலைந்து வேறு வேறு விஷயங்கள்.

போட்டவுடன் வேகமாக நகர்ந்து, நேரம் போகப் போக மெதுவாகி, ஒரே திசையில் வளைந்து படுக்கும் நழுவல் ஒன்று. இது வெப்பத்தால் வருவது. வி.எஃப்.ஓ.வின் சுருளும் கப்பாசிட்டர்களும் சூடேறி விரிவதால் மீடிறன் பெரும்பாலும் கீழே போகும். இது இயல்பு. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

சும்மா நிற்கும்போதே திடீரென்று 50, 200 ஹேர்ட்ஸ் என்று குதித்து, சில வேளை திரும்பியும் வருவது இன்னொன்று. பெட்டியின் பக்கத்தில் மெதுவாகத் தட்டினால் குதிக்கும். டயலைத் திருப்பி விட்டால் வேறு இடத்தில் நிற்கும். இதற்கும் வெப்பத்துக்கும் சம்பந்தம் குறைவு. தொடுப்பு எங்கோ கெட்டிருக்கிறது. திருகோணமலையில் நான் பார்த்த பழைய பெட்டிகளில் அதிகம் இருப்பது இதுதான். கார்த்திகை, மார்கழியில் வாடை கடலிலிருந்து ஈரத்தையும் உப்பையும் வீட்டுக்குள் கொண்டுவந்து விடுகிறது. ஆனி, ஆடியில் கச்சான் வந்து அதைக் காயவைக்கிறது. வருடம் வருடமாக இப்படி நனைந்து காய்ந்த பித்தளைத் தொடுப்பில் களிம்பு பிடிக்காமல் என்ன செய்யும்?

பேசத் தொடங்கியவுடன் மட்டும் மாறுவது மூன்றாவது. அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் மீடிறன் ஓரிடம் தள்ளிப் போனால் வோல்டேஜைச் சந்தேகிக்க வேண்டும். வி.எஃப்.ஓ.வுக்குப் போகும் ஒழுங்குபடுத்திய வோல்டேஜில் மல்ரிமீற்றரை வைத்துக்கொண்டு சீ.டபிள்யூ. (மோர்ஸ்) சாவியை அழுத்துங்கள். ஊசி அசைந்தால் பிழை அங்கே இருக்கிறது. வோல்டேஜ் அசையவில்லை, ஆனால் குரல் மட்டும் நடுங்குகிறது என்றால் அன்ரனாவைக் கழற்றி டம்மி லோட் (அன்ரனாவுக்குப் பதிலாகச் சக்தியை உறிஞ்சும் தடை) போட்டுப் பாருங்கள். டம்மி லோடில் குரல் சுத்தமாக இருந்தால், அனுப்பும் சக்தியின் ஒரு பகுதி திரும்பி வந்து வி.எஃப்.ஓ.வைக் குழப்புகிறது. அன்ரனாவும் எர்த்தும்தான் வேலை கேட்கின்றன; பெட்டியைத் திறக்கவே தேவையில்லை. தென்னையிலிருந்து ஜன்னலுக்கு நேரே இறங்கும் கம்பி உள்ள வீடுகளில் இது சாதாரணம்.

இன்னொரு சோதனைக்கு ஒரு கருவியும் வேண்டாம். பெட்டியில் ஆர்.ஐ.டி. (கேட்கும் மீடிறனை மட்டும் கொஞ்சம் நகர்த்தும் குமிழ்) இருந்தால் அதை அணைத்துப் பாருங்கள். பல பெட்டிகளில் ஆர்.ஐ.டி. என்பது ஒரு பொட்டென்ஷியோமீற்றரும், வோல்டேஜுக்கு ஏற்பக் கொள்ளளவு மாறும் வேரிகாப் டையோடும்தான். அந்தப் பொட்டென்ஷியோமீற்றர் அழுக்கானால் வி.எஃப்.ஓ.வே கெட்டதுபோல் தெரியும்.

எந்த ஓசிலேட்டர் நழுவுகிறது?

இதை ஒரு உதாரணத்தோடு சொன்னால் விளங்கும். அந்தத் தலைமுறையின் பேர்போன பெட்டி கென்வூட் டி.எஸ்.-520. அதன் வி.எஃப்.ஓ. 4.9 தொடக்கம் 5.5 மெகாஹேர்ட்ஸ் வரை ஓடும். இடைநிலை மீடிறன் 3.395 மெகாஹேர்ட்ஸ். 40 மீற்றருக்கு 15.895 மெகாஹேர்ட்ஸ் கிறிஸ்டல் ஒன்று. 15.895 இலிருந்து 5.5 ஐயும் 3.395 ஐயும் கழித்தால் 7.000 வரும். டயலை மேலே கொண்டுபோகப் போக வி.எஃப்.ஓ. கீழே இறங்கும்.

இந்தக் கணக்குத் தெரிந்தால் நோயைப் பிடிப்பது சுலபம். 80, 40, 20 மீற்றர் எல்லாவற்றிலும் ஒரே அளவு ஹேர்ட்ஸ் நழுவினால் அது வி.எஃப்.ஓ. ஒரு பாண்டில் மட்டும் நழுவினால் அந்தப் பாண்டின் கிறிஸ்டல். எல்.எஸ்.பி.யில் (கீழ் சைட்பாண்ட்) நழுவி யூ.எஸ்.பி.யில் (மேல் சைட்பாண்ட்) நழுவாவிட்டால் காரியர் கிறிஸ்டல். பிற்காலத்து சிந்தசைசர் பெட்டிகளில் கணக்கு வேறு. அங்கே பெரும்பாலும் ஒரே ஒரு மூல கிறிஸ்டலிலிருந்துதான் எல்லாம் பிறக்கும், ஆகவே நழுவல் மீடிறனோடு சேர்ந்து பெருகும். 7 மெகாஹேர்ட்ஸில் 10 ஹேர்ட்ஸ் நழுவினால் 28இல் 40 ஹேர்ட்ஸ் நழுவும். இந்த ஒரு வித்தியாசமே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

அளப்பதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. சீனாவின் பி.பி.எம். (BPM) நேரச் சேவை 5, 10 மெகாஹேர்ட்ஸில் நாள் முழுதும், 15இல் பகலில் ஒலிபரப்பாகிறது. 10 மெகாஹேர்ட்ஸ் எடுக்கும் பெட்டியென்றால் யூ.எஸ்.பி.யில் 9.999இல் வைத்தால் 1000 ஹேர்ட்ஸ் ஓசை கேட்கும். டி.எஸ்.-520 போன்ற பழைய பெட்டிகளில் நேர நிலையத்துக்கென்றே 15 மெகாஹேர்ட்ஸ் இடம் ஒன்று இருக்கிறது; அங்கே 14.999க்கு டயல் இறங்காவிட்டால் மறு சைட்பாண்டில் கொஞ்சம் மேலே வைத்தாலும் ஓசை வரும். அதைக் கணினிக்குக் கொடுத்து வாட்டர்ஃபாலில் (மீடிறன் நேரத்தோடு நகர்வதைக் கோடாகக் காட்டும் திரை) பாருங்கள். அயன மண்டலம் அசைவதால் வரும் ஒரு ஹேர்ட்ஸ் அளவு ஆட்டத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

இன்னும் நேரான வழி ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். வி3 போன்ற, கணினியில் செருகிக் கேட்கும் ஒரு டொங்கிள். அதற்குள் 1 பி.பி.எம். (ppm, பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவு உறுதியுள்ள டி.சி.எக்ஸ்.ஓ., அதாவது வெப்ப மாற்றத்தை ஈடு செய்யும் கிறிஸ்டல் ஓசிலேட்டர், இருக்கிறது. டைரக்ட் சாம்பிளிங்கில் போட்டு, ஒரு சாண் வயரை வி.எஃப்.ஓ. பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் 5.2 மெகாஹேர்ட்ஸ் கோடு நேரடியாகத் திரையில் வரும். டொங்கிளும் சூடேறும், ஆகவே அதை முதலே போட்டுவிட வேண்டும். தம்பியின் பெட்டியை இப்படித்தான் பார்த்தோம். கோடு முதலில் ஒரு பக்கம் சரிந்து, பிறகு மெல்ல நிமிர்ந்து வந்தது. நடுவில் இரண்டு மூன்று இடங்களில் படிக்கட்டு மாதிரி வெட்டி விலகியது. கூரை ஃபேனைப் போட்டதும் மறுபக்கம் வளையத் தொடங்கியது. அந்த ஒரு திரையிலேயே வெப்பமும் தொடுப்பும் தனித்தனியாகத் தெரிந்தன.

எவ்வளவு உறுதி வேண்டும்?

எஸ்.எஸ்.பி.யில் (ஒற்றைச் சைட்பாண்டில் குரல் அனுப்பும் முறை) கதைப்பவருக்கு 50 ஹேர்ட்ஸ் வித்தியாசம் அநேகமாகத் தெரியாது. 100ஐத் தாண்டினால் குரல் மாறியதுபோல் கேட்கும். சீ.டபிள்யூ.வில் 500 ஹேர்ட்ஸ் ஃபில்டர் போட்டிருப்பவர் 250 ஹேர்ட்ஸுக்கு மேல் நழுவினால் உங்களைத் தொலைத்துவிடுவார்.

எஃப்.டி.8 (கணினி வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் டிஜிட்டல் முறை) என்றவுடன் "பழைய வி.எஃப்.ஓ.வில் நடக்காது" என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். கணக்குப் பார்த்தால் அப்படியில்லை. ஒரு எஃப்.டி.8 செய்தி 12.64 விநாடி, தொனிகளுக்கு இடையே 6.25 ஹேர்ட்ஸ். டி.எஸ்.-520இன் கையேடு தரும் உறுதி, முதல் மணி நேரத்தில் 1 கிலோஹேர்ட்ஸுக்குள், அதன் பிறகு எந்த அரை மணியிலும் 100 ஹேர்ட்ஸுக்குள். அரை மணிக்கு 100 என்றால் 12.64 விநாடிக்கு முக்கால் ஹேர்ட்ஸ்கூட இல்லை. ஆக, சூடேறிய, தொடுப்புகள் சுத்தமான பழைய பெட்டி எஃப்.டி.8க்குத் தாராளமாகப் போதும். எதிரில் இருப்பவரின் மென்பொருள் முழு அகலத்தையும் கேட்டுக்கொண்டிருப்பதால் நீங்கள் கொஞ்சம் தள்ளி விழுந்தாலும் பிடித்துக்கொள்ளும்.

குறைந்த சக்தியில் அலை எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கும் டபிள்யூ.எஸ்.பி.ஆர். முறை அப்படியில்லை. ஒரு செய்தி 110 விநாடிக்கு மேல் போகும், முழு அகலமே 6 ஹேர்ட்ஸ். அதே 100 ஹேர்ட்ஸ் அரை மணி நழுவல் இங்கே ஒரு செய்திக்குள் 6 ஹேர்ட்ஸ் ஆகிவிடும். மென்பொருள் கொஞ்சம் நழுவலைத் தேடிப் பிடிக்கும்தான், ஆனால் இது எல்லையில் நிற்கிறது. டபிள்யூ.எஸ்.பி.ஆர். உங்கள் ஆசை என்றால், பழைய வி.எஃப்.ஓ.வோடு மல்லுக்கட்டாதீர்கள்.

இன்னொன்றையும் நான் முக்கியமாக நினைக்கிறேன். 2004 டிசம்பர் 26 கடல் வந்த பிறகு இந்தத் தீவில் தொலைபேசிகள் செயலிழந்த இடங்களுக்கு அமெச்சூர்கள் சிற்றலையில் செய்தி கொண்டுபோனார்கள். எங்கள் வட்டாரத்தில் அவசர காலத்துக்கென்று குறித்திருக்கும் இடங்களில் 7.110 மெகாஹேர்ட்ஸும் ஒன்று. அங்கே உங்களை எதிர்பார்த்துக் காது கொடுத்திருப்பவர் நீங்கள் ஒரு கிலோஹேர்ட்ஸ் தள்ளிப் பேசினால் தேட வேண்டிவரும். அந்த நேரத்தில், பெட்டி சூடேறும் வரை அரை மணி பொறுக்கச் சொல்ல முடியாது. போட்டவுடன் சொன்ன இடத்தில் நிற்பது என்பது எஃப்.டி.8ஐ விட இதற்காகத்தான் வேண்டும்.

ஒன்றும் செய்யாமல் பழக்கத்தை மாற்றுவது

காசு செலவில்லாத வழி இது. கதைக்கப் போவதற்கு முக்கால் மணி முன்பே போட்டுவிடுங்கள். வால்வு ஹீட்டருக்குத் தனிச் சுவிட்ச் இருந்தால் அதையும் அப்போதே போடுங்கள். நடுவில் போட்டால் சூடு மறுபடி ஏறி எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ஃபேன் காற்று பெட்டியில் நேராக விழாமல் வையுங்கள். தகரக் கூரைக்குக் கீழே வைக்காமல், சுவரோரம் நிழலில் வையுங்கள். வெப்ப நழுவல் மட்டும் இருக்கும் பெட்டிக்கும், பின்னேரம் நாலு நண்பர்களோடு கதைப்பவருக்கும் இது போதும். குதிக்கும் பெட்டிக்கு இதனால் ஒரு பயனும் இல்லை.

வி.எஃப்.ஓ.வைத் திருத்துவது

என் மனதுக்குப் பிடித்த வழி இது. காரணம், செலவு குறைவு, பெட்டி பெட்டியாகவே இருக்கும், கையில் ஒரு வேலை படியும்.

தொடுப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். மாறும் கப்பாசிட்டரின் அச்சை எர்த்தோடு இணைப்பது ஒரு மெல்லிய பித்தளை வில். தம்பியின் பெட்டியில் அதை உருப்பெருக்கியால் பார்த்தபோது வில்லின் நுனி பச்சை பூத்திருந்தது; அச்சில் அது உரசும் இடம் கறுப்பு வளையமாக இருந்தது. பந்துத் தாங்கியின் கிரீஸ் மஞ்சளாகி மெழுகுபோல் இறுகியிருந்தது. இந்த எர்த் பாதையின் தடை மாறும் ஒவ்வொரு முறையும் மீடிறன் ஒரு படி குதிக்கும். மெல்லிய தூரிகையில் கொன்ராக்ட் கிளீனரைத் தொட்டு வில்லுக்கு மட்டும் பூசி, டயலைப் பல தடவை முழுதாகத் திருப்பி, பஞ்சால் துடைத்து எடுத்தோம். தகடுகளுக்கு நடுவே எதையும் அடிக்காதீர்கள்; எண்ணெய் மிஞ்சினால் அதுவே புதிய நழுவல். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே இந்தப் பெட்டிக்குக் கிட்டவே வரக்கூடாது. வி.எஃப்.ஓ. பெட்டியின் மூடித் திருகாணிகளையும், அது பெரிய சட்டத்தோடு சேரும் இடங்களையும் கழற்றித் துடைத்து இறுக்குங்கள். போர்ட்டில் மங்கலாகத் தெரியும் பற்றுகளுக்குப் புது ஈயம் கொடுங்கள். இதோடு குதிப்பு நின்றுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது வெப்பம். எந்தக் கப்பாசிட்டர் குற்றவாளி என்று கண்டுபிடிக்க, சோல்டரிங் அயர்ன் நுனியைத் தொடாமல் ஒவ்வொன்றுக்கும் கிட்டே சில விநாடி பிடியுங்கள். இன்னொரு பக்கத்தில், ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட பஞ்சுக் குச்சியால் தொட்டால் அது ஆவியாகும்போது குளிரும். திரையில் கோடு எதற்கு அதிகம் துள்ளுகிறதோ அதுதான். என்.பி.0 வகைச் செராமிக் டிகிரிக்கு 30 பி.பி.எம்.மைத் தாண்டாது. பொலிஸ்டைரீன் சூட்டோடு 120, 150 பி.பி.எம். அளவில் குறையும், சுருளின் ஏற்றத்தை அது ஈடு செய்யும் என்பதால்தான் பழைய வடிவமைப்பாளர்கள் அதை விரும்பிப் போட்டார்கள். ஆகவே கண்ணில் பட்ட பொலிஸ்டைரீனையெல்லாம் என்.பி.0வுக்கு மாற்றுவது நல்லது செய்வதாக நினைத்துக் கெடுதல் செய்வது. கெட்டதை மட்டும், அதே வகையால் மாற்றுங்கள். மலிவான எக்ஸ்7ஆர், வை5வி செராமிக்குகளுக்கு ஓசிலேட்டர் சுற்றில் இடமே இல்லை.

இதற்குப் பிறகும் மிச்சம் இருக்கும் நழுவலை என்.750 கப்பாசிட்டரால் ஈடுகட்டலாம். சூடு ஒரு டிகிரி ஏறினால் அதன் கொள்ளளவு 750 பி.பி.எம். குறையும். பழையவற்றில் தலையில் ஊதா நிறம் இருக்கும், என்.பி.0வுக்குக் கறுப்பு. 5.2 மெகாஹேர்ட்ஸ் வி.எஃப்.ஓ. டிகிரிக்கு 100 ஹேர்ட்ஸ் கீழே போகிறது, சுற்றின் மொத்தக் கொள்ளளவு 150 பிகோஃபாரட் என்று வையுங்கள். 100 ஹேர்ட்ஸ் என்பது 19 பி.பி.எம். மீடிறன் கொள்ளளவின் வர்க்கமூலத்துக்கு எதிர்மாறாகப் போவதால் இரண்டு மடங்கு, அதாவது ஏறக்குறைய 38 பி.பி.எம். கொள்ளளவில் ஈடு செய்ய வேண்டும். 150இல் 38 பி.பி.எம். என்றால் டிகிரிக்கு 0.0058 பிகோஃபாரட். அதை 0.00075ஆல் வகுத்தால் 7.7. ஆக, சுற்றில் இருக்கும் என்.பி.0வில் 8 பிகோஃபாரட் அளவை எடுத்துவிட்டு 8.2 பிகோஃபாரட் என்.750 ஒன்றைப் போட்டால் கிட்டத்தட்ட சமன். சின்ன மாற்றம், ஆனால் பலன் பெரிது. பிறகு டயலின் அளவீட்டைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும்.

இந்த வழியின் குறை பொறுமைதான். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பெட்டியை மூடி, ஆறவைத்து, மறுபடி சூடேற்றிப் பார்க்க வேண்டும். திறந்து வைத்து அளந்தால் வரும் எண் பொய். என்.750 கப்பாசிட்டர் இப்போது எளிதில் கிடைப்பதும் இல்லை. கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடிப் பாருங்கள்; இல்லாவிட்டால் செத்த ரேடியோக்களின் போர்ட்டுகளில் ஊதாத் தலையைத் தேடுங்கள்.

சொந்தமாகச் சுற்றிய பெட்டி என்றால் சுருள் சுற்றியிருக்கும் வளையத்தின் (ரொறொயிட்) நிறத்தைப் பாருங்கள். சிவப்பு நிற 2ஆம் வகை டிகிரிக்கு 95 பி.பி.எம்., மஞ்சள் நிற 6ஆம் வகை 35. அதே 5.2 மெகாஹேர்ட்ஸில் முதலாவது டிகிரிக்கு 250 ஹேர்ட்ஸ் கிட்ட நழுவ வைக்கும், இரண்டாவது 90. நிறத்தை மாற்றினாலே பாதி நோய் போய்விடும்.

ஹஃப் அண்ட் பஃப்

நெதர்லாந்து அமெச்சூர் கிளாஸ் ஸ்பார்ஹரன் 1973இல் வெளியிட்ட யோசனை இது. வி.எஃப்.ஓ.வை ஒரு கிறிஸ்டலோடு திரும்பத் திரும்ப ஒப்பிட்டு, விலகினால் வேரிகாப்புக்குப் போகும் வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் இழுத்துப் பிடிக்கும். ஆர்.ஐ.டி. வேரிகாப் ஏற்கெனவே இருப்பதால் பெட்டிக்குள் பெரிய அறுவை இல்லை. சில லொஜிக் ஐ.சி.க்களோடு முடிந்துவிடும். டயலின் சுழற்சி, கைக்குப் பழகிய உணர்வு எதுவும் மாறாது.

ஆனால் மெதுவான நழுவலைத்தான் இது பிடிக்கும். குதிக்கும் வி.எஃப்.ஓ.வை அடுத்த படியில் கொண்டுபோய்ப் பூட்டிவிடும். போட்ட முதல் நிமிடங்களின் வேகமான நழுவலிலும் சில வேளை தடுமாறும். வி.எஃப்.ஓ. ஓரளவு நல்லதாக இருந்தால்தான் இது நல்லதாக இருக்கும் என்பதால், இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு நான் இதைச் சொல்வதில்லை.

வெளியே ஒரு டிஜிட்டல் வி.எஃப்.ஓ.

ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் பெட்டிகளின் கதை இங்கே பொருந்தும். 2003இல் வந்த பிட்எக்ஸ்20இல் இருந்தது சுருளும் கப்பாசிட்டரும் கொண்ட வி.எஃப்.ஓ. பிறகு வந்த பிட்எக்ஸ்40இல் ராடுயினோ என்ற சின்னப் போர்ட் அந்த இடத்தைப் பிடித்தது: நிரல் ஓடும் ஒரு ஆர்டுயினோ நானோ, மீடிறனை உண்டாக்கும் ஒரு எஸ்.ஐ.5351 ஐ.சி. வீட்டில் செய்து பார்ப்பவர்களுக்கு நழுவல் என்ற தலையிடி அதோடு பெருமளவு போய்விட்டது.

பழைய பெட்டிக்கும் அதையே செய்யலாம். டி.எஸ்.-520 போன்றவற்றின் பின்புறம் வெளி வி.எஃப்.ஓ.வுக்கென்றே ஒரு சொக்கற் இருக்கிறது. உள்ளே எதையும் வெட்டாமல், ஒட்டாமல் அதில் செருகலாம், பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். டிஜிட்டலுக்குப் போவதென்றால் நான் சொல்லும் பாதை இது ஒன்றுதான். மாமா பாவித்த பெட்டியின் வி.எஃப்.ஓ.வைப் பிடுங்கி எறிய எனக்கு மனம் வராது.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. சாதாரண எஸ்.ஐ.5351 போர்ட்டில் இருப்பது மலிவான 25 மெகாஹேர்ட்ஸ் கிறிஸ்டல். வாயால் ஊதினாலே சில ஹேர்ட்ஸ் அசையும். டி.சி.எக்ஸ்.ஓ. பொருத்திய போர்ட்டாகப் பார்த்து எடுங்கள். 0.5 பி.பி.எம். என்றாலும் வி.எஃப்.ஓ. ஓடுவது 5 மெகாஹேர்ட்ஸ் பக்கம்தானே, ஆக 2.5 ஹேர்ட்ஸ்தான். வெளியே வருவது சதுர அலை, ஹார்மோனிக்குகள் நிறைந்தது. 5.5 மெகாஹேர்ட்ஸுக்கு மேலே வெட்டும் லோ-பாஸ் ஃபில்டரும், பெட்டியின் கையேடு சொல்லும் மட்டத்துக்கு அளவைக் குறைக்கும் அட்டெனுவேட்டரும் இல்லாமல் செருகினால் இல்லாத நிலையங்களெல்லாம் கேட்கும். முழுவதையும் உலோகப் பெட்டியில் அடைத்து, கோஆக்ஸ் வயரில் கொண்டுபோங்கள். டயல் ஏற ஏற வி.எஃப்.ஓ. இறங்க வேண்டும் என்பதை நிரலில் மறக்காதீர்கள்.

இதுவும் எல்லாவற்றையும் தீர்க்காது. 40 மீற்றரின் 15.895 மெகாஹேர்ட்ஸ் கிறிஸ்டல் 1 பி.பி.எம். அசைந்தால் 16 ஹேர்ட்ஸ், 20 மீற்றரின் 22.895 அசைந்தால் 23 ஹேர்ட்ஸ். அவை பெட்டிக்குள் வால்வுச் சூட்டிலேயே இருக்கின்றன. எஸ்.எஸ்.பி.க்கு இது ஒன்றுமில்லை. டபிள்யூ.எஸ்.பி.ஆர்.க்கு இன்னமும் சூடேறும் வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

டி.சி.எக்ஸ்.ஓ. மட்டும் மாற்றுவது

மூதூரில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் பேட்டரியில் ஓடும் சின்ன சிந்தசைசர் பெட்டி உண்டு. 10 மீற்றரில் டபிள்யூ.எஸ்.பி.ஆர். அனுப்ப ஆசை, நழுவல் விடவில்லை. அவருக்கு மேலே சொன்ன ஒன்றும் தேவையில்லை. அவருடையது ஒரே மூல கிறிஸ்டல்; அதை மாற்றினால் முடிந்தது. யெசு எஃப்.டி.-817இன் எண்களைப் பாருங்கள்: சாதாரண நிலையில் 4 பி.பி.எம்., டி.சி.எக்ஸ்.ஓ.-9 பொருத்தினால் 0.5. 28 மெகாஹேர்ட்ஸில் அது 112 ஹேர்ட்ஸுக்கும் 14 ஹேர்ட்ஸுக்கும் உள்ள வித்தியாசம். செருகினால் சரி, அப்புறம் ஒரு தடவை சீன நேர நிலையத்தோடு ஒப்பிட்டு அளவீடு செய்ய வேண்டும். சிந்தசைசர் பெட்டி வைத்திருப்பவருக்கு இதைவிட மலிவான நல்ல வழி இல்லை. அனுப்பும்போது ஏறும் சூட்டைக் குறைக்க, சக்தியையும் ஒரு வாட்டுக்குக் கீழே இறக்கச் சொன்னேன், டபிள்யூ.எஸ்.பி.ஆர்.க்கு அது தாராளம்.

புதுசு எடுப்பது

ஐகொம் ஐ.சி.-7300 போன்ற இன்றைய பெட்டி 0.5 பி.பி.எம்.மில் வருகிறது. 7.1 மெகாஹேர்ட்ஸில் 3.5 ஹேர்ட்ஸ். போட்டவுடன் சொன்ன இடத்தில் நிற்கும், எல்லா முறைகளும் உள்ளேயே இருக்கும். காசு இருந்து, டிஜிட்டல் முறைகளில் நிறைய ஆர்வமும் இருந்தால் எடுங்கள். இறக்குவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி முன்கூட்டியே வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். பழுதானால் உள்ளே இருக்கும் நுண்ணிய போர்ட்டை இங்கே மேசையில் வைத்துத் திருத்துவது கடினம் என்பதையும் கணக்கில் எடுங்கள். நழுவலுக்காக மட்டும் பழையதை விற்றுப் புதுசு எடுப்பதை நான் ஆதரிக்கவில்லை.

தம்பிக்கு என்ன சொன்னேன்

அவர் எஸ்.எஸ்.பி.யில் கதைப்பவர், எஃப்.டி.8ஐயும் பார்க்க ஆசைப்படுபவர், கையில் பெரிய காசில்லாதவர். பெட்டியில் குதிப்பும் உண்டு, வெப்ப நழுவலும் உண்டு. ஆகவே முதலில் தொடுப்புகளைச் சுத்தம் செய்யச் சொன்னேன். அது முடிந்து குதிப்பு நின்றுவிட்டது. இப்போது இருப்பது வெப்பத்தின் வளைவு மட்டும். அதற்கு என்.750 தேடுவதா, டிஜிட்டல் வி.எஃப்.ஓ.வா என்றால், அவர் விஷயத்தில் என் தெரிவு வெளி வி.எஃப்.ஓ. 7.110க்கு எந்த நேரமும் போட்டவுடன் போக வேண்டும் என்பதால்தான். நிரல் எழுதும் ஆர்வமும் அவரிடம் இருக்கிறது. வி.எஃப்.ஓ.வை மாமா விட்டபடியே வைத்துக்கொண்டு, பின்னால் ஒரு செருகியோடு முடிக்கலாம்.

அவரைப்போல் இல்லாமல் வெறும் சீ.டபிள்யூ.வும் பின்னேரக் கதையும்தான் உங்கள் உலகம் என்றால், சுத்தம் செய்து, ஊதாத் தலைக் கப்பாசிட்டர் ஒன்றைத் தேடிப் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். எது செய்தாலும், வாடை தொடங்கும் முன்பே ஐப்பசியில் செய்து முடியுங்கள். ஈரக் காற்றில் திறந்து வைத்த வி.எஃப்.ஓ.வை மூடும்போது அந்த ஈரத்தையும் சேர்த்துத்தான் உள்ளே அடைக்கிறீர்கள். மூடிய பெட்டியை அலுமாரியில் வைப்பதென்றால் பக்கத்தில் சிலிக்கா ஜெல் பை ஒன்று போதும். நிறம் மாறினால் வெயிலிலோ அடுப்பிலோ காயவைத்துத் திரும்பப் போடலாம்.